மூளையதிர்ச்சிக்குப் பிறகு ஐந்து பேரிடம் சிகிச்சை: யார் சொல்வதை முதலில் செய்வது?

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே மூச்சில் எழுத முடியவில்லை, அதனால் இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி முடித்தேன். நீளத்துக்கு மன்னிக்கவும்.

ஏழு வாரத்துக்கு முன்னால் குனிந்து நிமிரும்போது, திறந்திருந்த அலமாரிக் கதவின் முனை பின்மண்டையில் பலமாக இடித்துவிட்டது. நினைவு தப்பவில்லை. கொஞ்ச நேரம் கண் இருட்டியது, அவ்வளவுதான். இரவு இரண்டு முறை வாந்தி எடுத்ததால் மருத்துவமனைக்குப் போனோம். சிடி ஸ்கேன் நார்மல். "மூளையதிர்ச்சிதான், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

சரியாகவில்லை. நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். பத்து நிமிடம் திரையைப் பார்த்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. மதியத்துக்குள் பிடரியில் ஆரம்பித்து நெற்றி வரைக்கும் தலைவலி வந்துவிடுகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகிறது. எனக்குச் சொற்கள்தான் பிழைப்பு என்பதால் அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது.

இப்போது ஒரு மறுவாழ்வுப் பிரிவில் வெளிநோயாளியாகப் போகிறேன். நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குபவர்), கண் பயிற்சி நிபுணர், உளவியலாளர் என்று ஐந்து பேர். எல்லோரும் அக்கறையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஐந்து பேருமே வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. எல்லாவற்றையும் செய்த நாட்களில் மாலையில் எழுந்திருக்கவே முடிவதில்லை. செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி.

ஒரே ஒரு இடிக்கு எதற்கு ஐந்து பேர்? யார் சொல்வதை முதலில் செய்வது?

அமைதி விரும்பி எழுதியது:

எல்லாவற்றையும் நிறுத்துங்கள் அக்கா. எனக்கு அடிபட்டபோது ஒரு மாதம் திரை போட்ட அறையில் படுத்திருந்தேன். போன் இல்லை, புத்தகம் இல்லை, யாரோடும் பேச்சு இல்லை. மூளைக்கு அடி என்றால் மூளைக்கு ஓய்வு. கால் உடைந்தவரை யாராவது ஓடச் சொல்வார்களா?

தேன்சிட்டு எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். வெளிநோயாளர் மறுவாழ்வுப் பிரிவில் மூளையதிர்ச்சி வந்தவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் ஒரு பக்கம் பலவீனமாவது, பேச்சு குழறுவது, எழுப்ப முடியாத அளவு தூக்கம், இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது: இவற்றில் எது வந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் வயதானவர்களும் சின்ன அடியைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது.

அடுத்தது ஸ்கேன். அடி விழுந்ததும் நரம்பு செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர செல்லுக்கு ஏகப்பட்ட ஆற்றல் வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைந்துவிடுகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீடு மாதிரி. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும், இந்தப் பற்றாக்குறை அதில் தெரியாது. நினைவு தப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. மூளையதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் தானாகச் சரியாகிறது. நான்கு வாரம் தாண்டியும் தொந்தரவு இருந்தால் அதை நீடிக்கும் அறிகுறிகள் என்கிறோம். விளையாட்டு மூளையதிர்ச்சிக்காக 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாட்டின் அறிக்கை 2023-ல் வந்தது. அதுவும் பெரியவர், சிறியவர் என்று பிரிக்காமல் இதே நான்கு வாரத்தைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி, எதற்கு ஐந்து பேர். தலைவலி என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை மூலம் ஒளிந்திருக்கிறது பாருங்கள். கழுத்தின் மேல் மூட்டுகளிலிருந்து வரலாம். ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். இரண்டு கண்ணும் கிட்டத்தில் ஒன்றுசேரத் திணறுவதால் வரலாம். தூக்கக் குறைவு, அளவுக்கு மீறிய வலி மாத்திரை, பதற்றம் எல்லாமே காரணமாகலாம். ஒரே ஆள் ஒரே கோணத்தில் பார்த்தால் தனக்குத் தெரிந்த மூலம்தான் கண்ணில் படும். அதனால் ஐந்து பேர் பார்ப்பது சரிதான். ஐந்து பேரும் ஒரே நாளில் சிகிச்சையை ஆரம்பிப்பதுதான் சரியில்லை. எதை முதலில் தொடுவது என்று அவர்கள் கூடிப் பேசி ஒரு வரிசை போட்டுத் தந்திருக்க வேண்டும்.

மூன்று கேள்விகள் கேட்கிறேன். புரளும்போது வரும் சுற்றல் எத்தனை நொடி இருக்கிறது? தலைவலி கழுத்தைத் திருப்பும்போது கூடுகிறதா? வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?

அமைதி விரும்பி, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

மொட்டைமாடி எழுதியது:

நன்றி அக்கா (அக்கா என்றே கூப்பிடுகிறேன்).

சுற்றல் அரை நிமிடம்கூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தால் நின்றுவிடும். மறுபடி புரண்டால் மறுபடி வரும். இடப்பக்கம் படுத்தால் வருவதில்லை.

தலைவலி கழுத்தைத் திருப்பும்போது கூடுகிறது, முக்கியமாக வலப்பக்கம் திருப்பினால்.

மாத்திரை ஏறக்குறைய தினமும். யாரும் இதைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

தேன்சிட்டு எழுதியது:

இந்த மூன்று பதிலிலேயே வரிசை பாதி தெரிந்துவிட்டது. நேரில் உறுதி செய்ய வேண்டியது உங்கள் குழுதான். நானாக இருந்தால் எப்படிப் போவேன் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சுற்றல். உள்காதில் சின்னச் சின்ன கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் அவை கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையின் நிலை மாறும்போதெல்லாம் சில நொடி உலகம் சுற்றும். இதைக் கண்டுபிடிக்க டிக்ஸ்-ஹால்பைக் சோதனை இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, வேகமாகப் பின்னால் படுக்க வைத்து, கண்மணி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடித்தால் எப்ளி முறை. தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவது. பலருக்கு ஒன்றிரண்டு அமர்விலேயே அடங்கிவிடும். இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் சமநிலைப் பயிற்சி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது ரொம்பக் கஷ்டப்படும். ஒரு எச்சரிக்கை: தலையை அப்படித் திருப்பும் முன் கழுத்தில் அடி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு துறைகள் ஒருவருக்கொருவர் பேசியே ஆக வேண்டிய இடம் இது.

அடுத்தது கழுத்து. மண்டை அதிரும் வேகத்தில் கழுத்தும் அதிர்ந்திருக்கும். கனடாவில் நடந்து 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், 12 முதல் 30 வயதுக்குள் அறிகுறி நீடித்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஓய்வு, தோரணைப் பயிற்சி எல்லாவற்றோடும் கழுத்துச் சிகிச்சையும் சமநிலைச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எட்டு வாரத்துக்குள் அந்தக் குழுவில் 73 சதவீதம் பேருக்கு விளையாட்டுக்குத் திரும்ப மருத்துவ அனுமதி கிடைத்தது. மற்றக் குழுவில் 7 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக விட முடியாது.

மாத்திரையை இன்றே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எடுத்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கும் நிலை வந்துவிடும். நீங்கள் இன்னும் அந்த எல்லைக்குப் போகவில்லை. அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கண் பயிற்சியை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கழுத்து இறுகி, தலை சுற்றிக்கொண்டிருக்கும்போது பேனா முனையை மூக்குக்கு அருகில் கொண்டுவந்து பார்ப்பது பெரிய சித்திரவதை. ஆனால் அளவு எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு எழுத்தை மூக்கை நோக்கிக் கொண்டுவரும்போது அது இரண்டாகத் தெரியும் தூரத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுப்பார்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. வரிகள் ஏறுவதற்கு அது காரணமா என்று அப்போது தெரியும்.

பந்தடி எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் மேடம். என் மகனுக்கு 15 வயது. கால்பந்து விளையாடும்போது இன்னொரு பையனின் தலையோடு மோதிக்கொண்டான். ஒன்பது நாள் ஆகிறது. படிக்கும்போது மட்டும் தலை வலிக்கிறது என்கிறான். அடுத்த வாரம் போட்டி. போன் பார்க்கலாமா, நடக்கலாமா, ஓடலாமா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

தேன்சிட்டு எழுதியது:

அடுத்த வாரப் போட்டியை மறந்துவிடுங்கள் சார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அறிகுறி இருக்கும்போதே இன்னொரு அடி விழுவதுதான் எங்களுக்குப் பெரிய பயம்.

போன்: முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்ப்பது நல்லது. 12 முதல் 25 வயதுக்காரர்களிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், அப்படித் தவிர்த்தவர்களுக்கு அறிகுறி தீர நடுவளவாக 3.5 நாள் ஆனது, தவிர்க்காதவர்களுக்கு 8 நாள். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். இனி இடைவெளி விட்டு, தாங்கும் அளவுக்குப் பார்க்கலாம்.

நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடியும் பேரி வில்லரும் உருவாக்கிய டிரெட்மில் சோதனை இருக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்ச வேகத்தில் நடக்க வைத்து, நிமிடத்துக்கு 1 சதவீதமாகச் சாய்வை ஏற்றிக்கொண்டே போவோம். அறிகுறி தெளிவாகக் கூடும் இடத்தில் நிறுத்தி, அப்போதைய இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்வோம். அது 140 என்றால், அதில் 80 சதவீதமான 112 வரை தினமும் 20 நிமிடம் வீட்டில் பயிற்சி. லெடி குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படிச் செய்த பதின்வயதினர் 13 நாளில் தேறினார்கள், வெறும் உடல் நீட்சிப் பயிற்சி செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. வீட்டிலேயே கணக்குப் போட்டு ஆரம்பிக்காதீர்கள், சோதனை கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

விளையாட்டுக்குத் திரும்ப ஆறு படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலையில் அடிபட வாய்ப்புள்ள எந்தப் பயிற்சிக்கும் முன்னால் மருத்துவர் அனுமதி வேண்டும். பள்ளிக்கு முழுதாகத் திரும்பிவிட்டானா என்று முதலில் பாருங்கள். அது முடியாமல் மைதானம் இல்லை.

அமைதி விரும்பி, இப்போது உங்களுக்கு. ஒரு காலத்தில் நாங்களும் அதைத்தான் சொன்னோம். 2015-ல் வந்த ஒரு ஆய்வு, அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த இளவயதினரில் ஒரு குழுவை ஐந்து நாள் கடுமையான ஓய்வில் வைத்தது, மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஐந்து நாள் ஓய்ந்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். முதல் ஒன்றிரண்டு நாள் அடங்கி இருங்கள், பிறகு மெதுவாக எழுந்து நடமாடுங்கள் என்றுதான் இப்போது சொல்கிறோம். கால் உடைந்தவரையும் மாவுக்கட்டு பிரித்த பிறகு நடக்கத்தானே வைக்கிறோம்?

அமைதி விரும்பி எழுதியது:

அந்த ஒரு மாதம் எனக்கு நரகம் என்பது உண்மை. வெளியே வந்தபோது சாதாரண வெளிச்சமே கண்ணைக் குத்தியது. அதை அடியின் விளைவு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இருட்டில் இருந்ததாலும் வந்திருக்குமா?

தேன்சிட்டு எழுதியது:

இரண்டும் சேர்ந்திருக்கலாம் தம்பி. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வெளிச்சம் இன்னும் கூசும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போடுவதை நாங்கள் படிப்படியாகக் குறைக்கச் சொல்வது இதனால்தான். தவறு உங்களுடையது இல்லை, அன்று உங்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

கைவேலை எழுதியது:

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மொட்டைமாடி சகோதரி எழுதிய அந்த ஒன்றே முக்கால் மணி நேரக் கணக்கைப் படித்துச் சங்கடப்பட்டேன். நாங்களும் இப்படிக் காகிதம் காகிதமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

எங்கள் வேலை உங்கள் ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்பது. நல்லாயிருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வீர்கள், அடுத்த இரண்டு நாள் படுக்கை. அப்படித்தானே நடக்கிறது? அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் முதலில் தட்டையாக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வரிகள் ஏறுகின்றன என்றால் ஏழாவது நிமிடத்தில் நிறுத்துங்கள். தொந்தரவு வந்த பிறகு எடுக்கும் இடைவெளி தாமதமான இடைவெளி. மூன்று நாள் ஏழு நிமிடம் தாங்கினால் எட்டு. ஒரு வேலையால் அறிகுறி பத்துக்கு இரண்டு புள்ளி வரை கூடி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். உடற்பயிற்சிக்கு ஆம்ஸ்டர்டாம் அறிக்கை சொல்லும் அளவுதான் அது, நாங்கள் வீட்டு வேலைக்கும் எழுத்து வேலைக்கும் அதையே வைத்துப் பார்க்கிறோம்.

மெய்ப்பு வேலைக்கு: காகிதத்தில் அச்செடுத்து, வரிக்குக் கீழே ஒரு அட்டையை நகர்த்திக்கொண்டே படியுங்கள். கஷ்டமான பிரதி காலையில், இலகுவானது மதியம். வேலை கொடுப்பவரிடம் "அரை நேரம்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எத்தனை பக்கம், எந்த நேரத்துக்குள் என்று எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தை உங்கள் தெரபிஸ்ட்டே எழுதித் தருவார்.

மொட்டைமாடி எழுதியது:

ஏழாவது நிமிடத்தில் நிறுத்துவது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வலி வரும் வரை போராடுவதுதான் முயற்சி என்று நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. உளவியலாளரிடம் அனுப்பியதும் வீட்டில் "அப்படியென்றால் இது மனசுப் பிரச்சினைதானே" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் அவரிடம் இரண்டு முறை போகவில்லை.

நினைவுத்தாள் எழுதியது:

இந்த வலியை என்னிடம் வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். நான் நரம்பு உளவியல் பார்ப்பவள்.

அறிகுறி உண்மையா என்ற சந்தேகத்தில் யாரும் உங்களை அனுப்பவில்லை. ஏழு வாரம் வேலை இல்லாமல், தூக்கம் இல்லாமல், "சரியாகுமா" என்ற பயத்தோடு இருக்கும் எவருக்கும் கவனம் சிதறும், சொல் மறக்கும். அடிபடாதவருக்கும் அப்படித்தான். அடியால் வந்த மறதி எவ்வளவு, தூக்கமின்மையால் வந்தது எவ்வளவு என்று பிரிக்காமல் நினைவுப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்காது. நான் முதலில் தொடுவது தூக்கத்தைத்தான். ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் படுக்கையில் கிடக்காமல் எழுந்து வந்துவிடுவது, படுக்கையில் இருக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு நெருக்கமாக்குவது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று இதற்குப் பெயர்.

ரிவர்மீட் என்ற கேள்வித்தாளை உங்களிடம் நிரப்பச் சொல்லியிருக்கலாம். 16 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. அதில் 1 என்றால் "இருக்கிறது, ஆனால் அடிக்கு முன்பும் இதே அளவு இருந்தது" என்று பொருள். பலர் அந்த 1-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்பும் எப்போதாவது சொல் மறந்திருக்கும், இப்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கிறது. முன்பு எப்படி இருந்தீர்கள் என்று உங்களோடு இருப்பவர் ஒருவரையும் நான் கேட்பேன். அடுத்த முறை வீட்டில் அப்படிப் பேசியவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் அவர் பேச்சு மாறும்.

தேன்சிட்டு எழுதியது:

நினைவுத்தாள் மேடம் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் அறிகுறி நீடித்த 49 பதின்வயதினரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது, 2016-ல் வெளியானது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்து ஆலோசனையும், எல்லாவற்றையும் கோத்துப் பிடிக்க ஒரு ஒருங்கிணைப்பாளரும். ஆறு மாதம் கழித்து அறிகுறி அதிகமாகவே இருந்தவர்கள் அந்தக் குழுவில் 13 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 42 சதவீதம்.

நான் அந்த ஒருங்கிணைப்பாளரைத்தான் பெரிதாகப் பார்க்கிறேன். பள்ளியோடும் வீட்டோடும் பேசியது அந்த ஆள்தான். எங்கள் பிரிவில் அப்படி ஒருவர் இல்லாத காலத்தில், ஒரே நோயாளியிடம் நான் "தினமும் நட" என்றும், பக்கத்து அறையில் இருந்தவர் "களைப்பு வந்தால் படு" என்றும் சொல்லியிருக்கிறோம். இருவர் சொன்னதும் அவரவர் அளவில் சரி. நடுவில் மாட்டிக்கொண்டவர் நோயாளி. இப்போது வாரம் ஒருமுறை 20 நிமிடம் எல்லோரும் உட்காருகிறோம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு வீட்டுப் பயிற்சிக்கு மேல் கிடையாது, அதை ஒரே தாளில் ஒருவர்தான் எழுதுவார்.

மொட்டைமாடி, உங்கள் ஐந்து பேரில் யாரோடு பேச உங்களுக்கு எளிதாக இருக்கிறதோ அவரிடம் ஐந்து காகிதத்தையும் கொண்டுபோய் மேசையில் வைத்து, "இதில் எந்த இரண்டு?" என்று கேளுங்கள்.

மொட்டைமாடி எழுதியது (ஆறு வாரம் கழித்து):

பதில் சொன்ன எல்லோருக்கும் திரும்பி வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்து காகிதத்தையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் கொண்டுபோனேன். அவர் வரிசையாகப் பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அங்கிருந்தே மற்ற நால்வருக்கும் போன் போட்டார். கழுத்தைச் சோதித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் அந்தப் படுக்க வைக்கும் சோதனையைச் செய்தார். வலப்பக்கம் கண் துடித்தது. எப்ளி இரண்டு முறை. இரண்டாவது வாரமே புரண்டு படுக்க முடிந்தது. அன்று இரவு அழுதேன்.

கழுத்துக்கு மூன்று வாரம் ஆனது. மாத்திரை இப்போது வாரத்தில் ஒரு நாள். தூக்கம் ஐந்தரை மணி நேரம் வரை வந்திருக்கிறது, உளவியலாளரிடம் என் கணவரும் வந்தார். கண் பயிற்சியைப் போன வாரம்தான் ஆரம்பித்தார்கள். எழுத்து இரண்டாகும் தூரம் ஆரம்பத்தில் 11 சென்டிமீட்டர், இப்போது 8. தினமும் 25 நிமிடம் திருத்துகிறேன், காகிதத்தில், அட்டை வைத்து.

திரையில் பக்கத்தை வேகமாக உருட்டினால் மட்டும் இன்னும் குமட்டுகிறது. ஆட்கள் நெருக்கமாகப் போய்வரும் இடத்தில் நின்றாலும் அப்படித்தான். இதற்கும் பயிற்சி உண்டா?

பந்தடி எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி சகோதரி. மகன் போட்டிக்குப் போகவில்லை. ஐந்து நாள் பேசவில்லை என்னோடு. இப்போது ஐந்தாவது படியில் இருக்கிறான்.

தேன்சிட்டு எழுதியது:

இருவருக்கும் வாழ்த்துகள்.

உண்டு மொட்டைமாடி. கண்ணெதிரில் நகரும் காட்சியை மூளை இன்னும் உடம்பின் அசைவாக எடுத்துக்கொள்கிறது. மெதுவாக நகரும் கோடுகளை உட்கார்ந்து சில நொடி பார்ப்பதில் தொடங்கி, நின்றுகொண்டு, பிறகு நடந்துகொண்டு என்று ஏற்றுவோம். ஆனால் இப்போதே ஆரம்பிக்காதீர்கள். கண்ணுக்குக் கொடுத்த பயிற்சி ஒரு வாரம்தான் ஆகிறது, உங்கள் தாளில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. 8 இன்னும் கொஞ்சம் இறங்கட்டும். அடுத்த முறை போகும்போது கண்ணை அளப்பதோடு கழுத்தையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், 25 நிமிடம் குனிந்து திருத்துகிறீர்களே.